ஃப்ரீன்னு கூப்பிட்டு கடைசில பில் நீட்டுன டாக்ஸ் சாஃப்ட்வேர்

அமெரிக்க ஃபெடரல் டாக்ஸ் ஃபைல் பண்ண இந்த வருஷம் ஒரு சாஃப்ட்வேர் எடுத்தேன், பேரு வேணாம். கம்பெனி குடுக்கிற சம்பளப் படிவம் டபிள்யூ-2வ போட்டோ எடுத்தா அதுவே எல்லா கட்டத்தையும் நிரப்பிடுது, சம்பளத்துல சோஷியல் செக்யூரிட்டிங்கிற அரசு பென்ஷனுக்கு 6.2%, மெடிகேர்ங்கிற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45% போறத அப்பத்தான் ஒழுங்கா பாத்தேன். ஆனா பேங்க் வட்டிக்கு 1099ங்கிற வருமானப் படிவம் ஒண்ணு போட்டதுமே ஃப்ரீ போச்சு, அப்கிரேட் பண்ணுன்னு வந்து நிக்குது! அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸே 2024-ல 12 மாநிலத்துல டைரக்ட் ஃபைல்னு நேரா அவங்ககிட்டயே இலவசமா ஃபைல் பண்ற வசதி கொண்டு வந்துச்சு, அடுத்த வருஷம் 25 ஆச்சு, 2026-க்கு இழுத்து மூடிட்டாங்க. கூட வேலை பாக்குறவரு அதுலதான் ஃபைல் பண்ணிட்டிருந்தாரு, ஆனா ஓட்டு போட்டது அரசாங்க செலவ வெட்டணும்னு சொன்னவங்களுக்கு, கேட்டா "பாக்கெட்ட பாத்து மட்டுமா ஓட்டு போடுவாங்க"ங்கிறாரு, எனக்கு பதில் வரல. 2 ஸ்டார், அதுவும் அந்த போட்டோவுக்காக.