சிப்பி முட்டையா, குவே தியாவா?

சிங்கப்பூர் உணவங்காடி நிலையம். ஒரே வயிறு, இரண்டு வரிசை. எதில் நிற்பது?

சிப்பி முட்டை, அதாவது ஓ லுவாக்: சர்க்கரைவள்ளி மாவைக் கரைத்துச் சூடான கல்லில் ஊற்றி, மேலே முட்டை உடைத்து, சிப்பியைக் கடைசியில்தான் போடுவார்கள், முந்திப் போட்டால் சுருங்கி ரப்பராகிவிடும். ஓரம் மொறுமொறு, நடுவில் வழவழப்பு. புளிப்பு மிளகாய்ச் சாஸ் இல்லாவிட்டால் நாலாவது வாயிலேயே திகட்டும். ஆறினால் கொழகொழ, பொட்டலம் கட்டவே கூடாது.

சார் குவே தியாவ்: பட்டையான அரிசி நூடுல்ஸ், கறுப்பு சோயா சாஸ், மட்டி. பெரும்பாலும் பன்றிக்கொழுப்பில் வதக்குவது, சாப்பிடாதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். வாணலியின் புகைமணம்தான் உயிர். ஆறினாலும் ஒருமாதிரி இறங்கும்.

இருவராகப் போனால் இரண்டும். தனியாக என்றால் நான் சிப்பி வரிசையில்தான்.