கைக்குழந்தை ஹெர்னியாவுக்கு ‘மெஷ்’ பில்: சேலத்துப் பெற்றோர் கவனத்துக்கு

சேலத்தில் ஒரு நர்சிங் ஹோம். ஏற்காட்டுப் பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து வந்த மூன்று மாத ஆண் குழந்தை, எடை நாலரைக் கிலோ. அழும்போதெல்லாம் வலது தொடை இடுக்கில் புடைப்பு, அதாவது ஹெர்னியா (குடலிறக்கம்). காலையில் ஆபரேஷன், சாயங்காலமே டிஸ்சார்ஜ். பில்லில் ஒரு வரி: ‘மெஷ் 15 × 7.5 செ.மீ. – 1’.

மெஷ் என்றால் வயிற்றுச் சுவரைத் தாங்க உள்ளே வைக்கும் வலை. அதை விரித்துப் போட்டால் பிள்ளையின் அடிவயிறே மூடிவிடும். தையல் போட்ட இடமோ 2 செ.மீ.கூட இல்லை. உள்ளே எதுவும் வைக்கவில்லை, காசு மட்டும் வாங்கியிருக்கிறார்கள்.

பெரியவர்களுக்கு வயிற்றுச் சுவர் தளர்ந்து ஹெர்னியா வருகிறது, அதனால் வலை. குழந்தைக்குச் சுவர் நன்றாகத்தான் இருக்கும். கருவில் விதை (விரை) கீழே இறங்கும்போது கூடவே வந்த பை மூடாமல் நின்றுவிட்டது, அவ்வளவுதான். அந்தப் பையைப் பிரித்து, அதன் கழுத்தில் கட்டி வெட்டிவிட்டால் போதும். பிரிப்பதில்தான் சூட்சுமம். பை ஈரக் காகிதம் மாதிரி. அதில் ஒட்டியே விந்துக்குழாயும் விதைக்குப் போகும் ரத்தக்குழாய்களும். கை தவறினால் பிற்பாடு விதை சூம்பிப் போகலாம், மேலே ஏறிக்கொள்ளலாம். ஆகவே ஆபரேஷன் செய்பவர் குழந்தைகள் அறுவையில் எம்.சிஎச். படித்தவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

பில்லைவிடப் பெரிய தப்பு அந்த டிஸ்சார்ஜ். குழந்தை பிறந்தது 32 வாரத்தில். பிறந்தபின் 13 வாரம். கூட்டினால் 45. குறைமாதக் குழந்தைக்கு இந்தக் கூட்டல் 60-ஐத் தாண்டும்வரை, மயக்க மருந்துக்குப் பிறகு மூச்சு திடீரென்று நிற்கும் ஆபத்து உண்டு. அன்று இரவு முழுக்க மானிட்டரில் வைத்திருக்க வேண்டும். இவர்களோ இருட்டில் 20 கொண்டை ஊசி வளைவு ஏற அனுப்பிவிட்டார்கள். வழியில் உதடு நீலம் பாரித்தது. அம்மா உள்ளங்காலைச் சுண்டிவிட்டதில் மூச்சு திரும்பியது. மடியில் தூங்குகிறது என்று விட்டிருந்தால்?

இதற்கு நேர்மாறாக, “தானே மூடிக்கும், காத்திருங்க” என்பவர்களும் உண்டு. தொப்புள் ஹெர்னியாவுக்குத்தான் அது பொருந்தும், பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் மூடிவிடும். (காசு வைத்துக் கட்டுவதால் புண்தான் மிச்சம்.) தொடை இடுக்கு ஹெர்னியா தானாக மூடாது. புடைப்பு கல் மாதிரி இறுகி உள்ளே போகாவிட்டாலோ, குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தாலோ பால் கொடுக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். சில மணி நேரத்திலேயே குடலும் விதையும் கெட ஆரம்பித்துவிடும்.

மெஷ் உண்மையிலேயே வைத்திருந்தால் அதன் டப்பாவிலிருந்த லாட் நம்பர் (தயாரிப்புத் தொகுதி எண்) ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் (சிகிச்சைக் குறிப்பேட்டில்) ஒட்டியிருக்கும். கேஸ் ஷீட் நகலை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தந்தாக வேண்டும். இழுத்தடித்தால் அந்தக் கடிதத்தின் நகலோடு மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.