பவுச்சில் மறுபடி அழற்சி: ஆன்டிபயாடிக்கா, வெடோலிசுமாபா?

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் புண் நோய்க்காகப் பெருங்குடலை எடுத்து, சிறுகுடலை மடித்துப் பவுச் என்ற பை வைத்த பிறகும் சிலருக்கு அழற்சி தலைகாட்டும். ராத்திரியில் நாலைந்து முறை எழுந்து ஓட வேண்டியிருக்கும், அடக்கவும் முடியாது.

முதல் முறை என்றால் ஆன்டிபயாடிக்தான். சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது மெட்ரோனிடசோல் இரண்டு வாரம். பெரும்பாலானோருக்குக் கேட்கும், விலையும் குறைவு. நிறுத்தியதும் திரும்ப வந்தால்தான் சிக்கல். மாதக்கணக்கில் தொடர்ந்தால் சிப்ரோ குதிகால் தசைநாணைப் பாதிக்கலாம். மெட்ரோனிடசோலால் கால் விரல்கள் மரத்துப்போகலாம். அந்த மரமரப்பை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

வெடோலிசுமாப் குடல் அழற்சியை அடக்கும் மருந்து, டிரிப்ஸாக ஏறும். முதல் நாள், 2வது வாரம், 6வது வாரம், அப்புறம் 8 வாரத்துக்கு ஒருமுறை. இதன் வேலை பெரும்பாலும் குடலோடு நின்றுவிடும். செலவு அதிகம். 2023இல் வெளியான எர்னஸ்ட் ஆய்வில் 14வது வாரத்தில் இதைப் பெற்ற 31 சதவீதம் பேருக்கு அழற்சி தணிந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத டிரிப்ஸ் (பிளசிபோ) பெற்றவர்களில் 10 சதவீதம். முதல் 4 வாரம் இரு தரப்புக்கும் சிப்ரோவும் உண்டு.

ஆன்டிபயாடிக்கை விடவே முடியாத நிலை வந்தால், நான் வெடோலிசுமாப் பக்கம்தான். ஆனால் அதற்கு முன் பவுச்சுக்குள் ஸ்கோப் விட்டு, சதை எடுத்துப் பார்த்து, கிரோன்ஸ் என்ற இன்னொரு குடல் அழற்சி நோயோ கிருமித் தொற்றோ இல்லை என்று உறுதி செய்யச் சொல்லிக் கேளுங்கள்.