ஸ்டான்டன் 500 அடிப்பாரா? பேஸ்பால் ரெஃபரன்ஸைத் திறந்தால் விடை பாதிதான் கிடைக்கும்

அமெரிக்க பேஸ்பாலில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு ஆடும் ஜியான்கார்லோ ஸ்டான்டன் 500 ஹோம் ரன்னை (பந்தை எல்லைக்கு அப்பால் அடிப்பதுதான் ஹோம் ரன்) தொடுவாரா மாட்டாரா என்று வாக்குவாதம் கிளம்பினால் நேராகப் போக வேண்டிய இணையதளம் பேஸ்பால் ரெஃபரன்ஸ். ஷான் ஃபோர்மன் 2000-ல் தொடங்கியது. காசு வேண்டாம், பதிவு செய்ய வேண்டாம், ஆட்டக்காரர் பெயரைத் தட்டினால் போதும். விளம்பரம் வரும், வந்துவிட்டுப் போகட்டும்.

இதன் உயிர்நாடி அந்த வருடவாரி அட்டவணைதான். ஒரு சீசனுக்கு ஒரு வரி, லீக்கிலேயே முதலிடம் என்றால் அந்த எண் மட்டும் தடித்த எழுத்தில். ஸ்டான்டன் பக்கத்தில் 2017 வரியில் 59 தடித்து நிற்கும், மயாமிக்கு ஆடிய கடைசி வருடம், எம்விபி (லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கிய வருடம். அங்கிருந்து கீழே இறங்கினால் 2023-ல் 24, 2024-ல் 27, 2025-ல் 24. 2025 முடிவில் மொத்தம் 453. 500-க்கு இன்னும் 47 வேண்டும்.

வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று அந்தப் பக்கம் சொல்லாது. அதற்கு பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸின் ‘ஃபேவரிட் டாய்’ சூத்திரம் இருக்கிறது, பேனாவும் பேப்பரும் போதும். கடைசி சீசனை 3 மடங்கு, அதற்கு முந்தையதை 2 மடங்கு, அதற்கும் முந்தையதை அப்படியே எடுத்துக் கூட்டி 6-ஆல் வகுத்தால் ஸ்டான்டனுக்குச் சரியாக 25 வருகிறது. மிச்சமுள்ள வருடங்களுக்கு 24 என்ற மாறாத எண்ணிலிருந்து வயதை 0.6-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். 2026-ல் அவருக்கு 36, ஆக 2.4 வருடம். பெருக்கினால் 60 ஹோம் ரன். அதை 47-ஆல் வகுத்து அரையைக் கழித்தால் கிட்டத்தட்ட 78 சதவீதம்.

நான் அவ்வளவு தர மாட்டேன். காரணமும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது, ஹோம் ரன் கட்டத்தில் இல்லை, அதற்கு இடப்பக்கம் ‘ஜி’ என்று போட்ட ஆட்டங்களின் கட்டத்தில். 2023-லிருந்து 101, 114, 77, முழு சீசன் என்றால் 162. ஹோம் ரன் எண்ணிக்கை அசையாமல் நிற்பது போலத் தெரிவதற்குக் கீழே இவ்வளவு ஓட்டை. 2025-ல் ஜூன் நடுவில்தான் களத்துக்கே வந்தார், இரண்டு முழங்கைகளிலும் பிரச்சினை. அந்தக் கட்டம் 77 என்று மட்டும் சொல்லும், ஏன் 77 என்று சொல்லாது. அட்டவணைக்கு அடியில் ‘162 ஆட்டச் சராசரி’ என்று ஒரு வரி வேறு, ஸ்டான்டனுக்கு அது 40-க்கு மேல் காட்டும். 162 ஆட்டம் ஆடினால்தானே! புதிதாக வருகிறவர்கள் அந்த வரியை நம்பித்தான் ஏமாறுவார்கள்.

சந்தேகம் இருந்தால் பழைய ஆட்டக்காரர் ஃப்ரெட் மெக்ரிஃப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 2003 முடிவில் 491, வேண்டியது 9 மட்டும். வயது 40 ஆனாலும் குறைந்தது ஒன்றரை வருடம் மிச்சம் என்று வைக்கும் அந்தச் சூத்திரம் அவருக்கு 97 சதவீதத்துக்கு மேல் கொடுத்திருக்கும். ஆனால் 2003 வரியில் ஆட்டம் 86-தான். அடுத்த வருடம் 2 ஹோம் ரன், 493-ல் முடிந்தது கதை. 1994-ல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தால் ஆகஸ்டிலேயே சீசன் நின்றபோது 34 அடித்திருந்தார், அது முழுதாக நடந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

எதிர்த் திசையில் ஆல்பர்ட் பூஹோல்ஸ். 2022-க்கு 679-உடன் வந்தார், 700-க்கு 21 வேண்டும், இதுதான் கடைசி வருடம் என்று அவரே சொல்லிவிட்டார், வயது 42. ஒரே வருடம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 18 சதவீதம்தான். சீசன் நடுவில் வரும் ஆல்-ஸ்டார் இடைவேளை வரை 6 மட்டுமே அடித்தவர், அதற்கு அப்புறம் 18 அடித்து 703-ல் ஓய்வு பெற்றார். எப்படி என்பதை, எண்களைச் சூழ்நிலைவாரியாகப் பிரித்துக் காட்டும் அவருடைய ‘ஸ்ப்ளிட்ஸ்’ பக்கத்தில் பார்க்கலாம், இடது கை பந்துவீச்சாளர்களை வெளுத்து வாங்கியிருக்கிறார். நேஷனல் லீக்குக்கும் டிஎச் (ஃபீல்டிங் செய்யாமல் பேட்டிங் மட்டும் செய்பவர்) நிரந்தரமாக வந்த முதல் வருடம் என்பதால் ஃபீல்டிங் தொல்லை இல்லாமல் அவருடைய அணி கார்டினல்ஸ் அவரை அப்படிப் பார்த்துப் பார்த்து இறக்க முடிந்தது. ‘ஹோம் ரன் லாக்’ இன்னும் சுவாரசியம், அடித்த ஒவ்வொன்றுக்கும் தேதி, இன்னிங்ஸ், பந்துவீசியவர் பெயர் எல்லாம் இருக்கும். செப்டம்பர் 23, டாட்ஜர் ஸ்டேடியம்: 3-வது இன்னிங்ஸில் ஹீனி பந்தில் 699, 4-வதில் பிக்ஃபோர்ட் பந்தில் 700. அந்த இரண்டு வரியைப் பார்க்கவே இந்தத் தளத்துக்கு வரலாம்.

குறை என்றால், போனில் அட்டவணை அகலம், பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், சுருக்கெழுத்துகள் பழக நாளாகும். கம்ப்யூட்டரில் பார்ப்பது உத்தமம். ‘36 வயதுக்கு மேல் 47-க்கு மேல் அடித்தவர்கள் யார் யார்’ மாதிரிக் கேள்விகளுக்கு ஸ்டாட்ஹெட் என்ற கட்டணச் சேவை இருக்கிறது. தினமும் இதிலேயே புரளுகிறவர்களுக்குச் சரி, மற்றவர்களுக்கு இலவசப் பக்கங்களே தாராளம்.

தளத்துக்கு 5-க்கு நாலரை. ஸ்டான்டனுக்கு என் கணக்கில் பாதிக்குப் பாதி. 325 மில்லியன் டாலர் ஒப்பந்தம் 2027 வரை உறுதி என்பதால் யாங்கீஸ் அவரை லேசில் விடாது, அதனால்தான் இந்தப் பாதியும்.