ரிமோட்டில் பேசினால் ரிவிக்குக் கேட்கவில்லையா? ஃபயர் ஸ்டிக், கூகுள் ரிவி, ஆப்பிள் ரிவி, மலிவுப் பெட்டி: ஓர் ஒப்பீட்டு அலசல்

ரிவியில் இணைத்து இணையப் படம் பார்க்க உதவும் இந்தக் கருவிகள் யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு வந்து சேரும் வழி மூன்று. லண்டன், ரொறன்ரோ உறவுகளின் சூட்கேஸ் ஒன்று. சென்னை போய்வந்தவர்களின் பை இன்னொன்று. நகரத்துக் கடை மூன்றாவது. வந்த வழியைப் பொறுத்துக் குரல் பொத்தானின் கோளாறும் மாறும். லண்டன் ஃபயர் ஸ்டிக்குக்குக் காது கூர்மை, ஆனால் தமிழ் தெரியாது. கடையில் வாங்கிய மலிவுப் பெட்டியின் ரிமோட்டில் மைக் படம் இருக்கும், மைக் இராது. ஆப்பிள் ரிவியில் பொத்தானை அழுத்தினால் 'சிரி' என்ற ஆப்பிளின் குரல் உதவியாளருக்குப் பதிலாகத் தேடல் பக்கம் திறக்கும். மூன்றையும் 'ரிமோட் பழுது' என்று ஒரே பெயரில் சொல்லிப் புது ரிமோட் வாங்குவது காசுக்குக் கேடு.

முதலில் திரையைப் பாருங்கள்

ஒரே ரிமோட்டுக்குள் இரண்டு வழிகள் வேலை செய்கின்றன. ரிவியை அணைப்பதும் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதும் பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிரால். மற்றப் பொத்தான்களும் குரலும் புளூடூத்தால். ஆகவே "சத்தம் கூடிக் குறையுது, ரிமோட் நல்லாத்தான் இருக்கு" என்ற முடிவு செல்லாது. புளூடூத் பொத்தான்கள் வேலை செய்வதும் முழுச் சாட்சியல்ல. பொத்தானை அழுத்தினால் போவது ஒரு சிறு துணுக்குச் செய்தி. பேசினால் சில விநாடிகளுக்கு ஒலி இடைவிடாமல் ஓட வேண்டும். பற்றரி தளர்ந்தாலும், புளூடூத் அலையில் இடைஞ்சல் இருந்தாலும் முதலில் படுப்பது குரல்தான்.

மைக் பொத்தானை அழுத்திப் பிடித்தும் திரையில் ஒன்றும் வராவிட்டால், இணைப்போ பொத்தானோ பழுது. பேச்சைக் கேட்பதைக் காட்டும் கோடு தோன்றி, நீங்கள் பேசும்போது அசையாமல் கிடந்தால் மைக் துளையையும் பற்றரியையும் பாருங்கள். கோடு அசைந்து கடைசியில் பிழைச் செய்தி வந்தால் ரிமோட்டில் குறை இல்லை. இணையம், திகதி, கணக்கு ஆகியவற்றில் தேடுங்கள். சொன்னது ஒன்று, எழுதியது வேறொன்று என்றால் அது மொழித் தெரிவு. இந்த நான்கையும் பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று: ஃபயர், கூகுள், ஆப்பிள் மூன்றிலும் பேசி முடிக்கும்வரை பொத்தானை விடக்கூடாது. ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பேசுவது வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் மிகச் சாதாரணமான 'பழுது'.

எல்லாவற்றுக்கும் பொதுவான மூன்று

பற்றரி. ஃபயர், கூகுள் ரிமோட்டுகளுக்கு ட்ரிபிள் ஏ இரண்டு வேண்டும். புது அல்கலைன் பற்றரி 1.5 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். அது இறங்க இறங்கக் குரல் தடுமாறலாம். மலிவான நாக-கரிப் பற்றரியில் ஒரு சிக்கல் உண்டு: மீற்றரில் 1.5 காட்டும், பேசத் தொடங்கியதும் மின்னழுத்தம் இறங்கிவிடும். அதனால் மீற்றரை மட்டும் நம்பாமல் புது அல்கலைன் சோடியைப் போட்டுப் பாருங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும். இங்குள்ள வெக்கையில் தீர்ந்த பற்றரி ஒழுகிக் கம்பிச்சுருளில் வெள்ளையோ பச்சையோ படியும். அல்கலைன் கசிவு காரம். பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு வினாகிரி தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்துக் காயவிடுங்கள்.

மின்சாரம். ஸ்டிக்கை ரிவியின் யூஎஸ்பி துளையில் செருகியிருந்தால் அங்கே கிடைப்பது பல ரிவிகளில் 0.5 அம்பியர்தான். ஸ்டிக்குக்குக் குறைந்தது 5 வோல்ட் 1 அம்பியர் வேண்டும். குறைந்தால் படம் ஓடும், புளூடூத் அடிக்கடி அறுந்துபோகும். கருவியோடு வந்த அடப்டரையே சுவரில் செருகுங்கள். பெட்டிக்குள் வந்த சிறிய எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரையும் எறிந்துவிடாதீர்கள். ரிவியின் உலோக முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்டிக்கை ஒரு சாண் வெளியே கொண்டுவந்தாலே குரல் தெளியும்.

அலை. புளூடூத்தும் பழைய வைஃபையும் ஒரே 2.4 கிகாஹேர்ட்ஸில் முட்டிக்கொள்கின்றன. ரவுட்டரில் 5 கிகாஹேர்ட்ஸ் இருந்தால் ஸ்டிக்கை அதற்கு மாற்றுங்கள்.

மைக் துளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலிக்கன் உறை போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் பேசிப் பாருங்கள். கோப்பாய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் தூசு அந்தச் சிறு துளையை அடைத்துவிடும். உலர்ந்த மென் தூரிகையால் தட்டலாம். ஊசி விடவே கூடாது. துளைக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்தால் மைக் முடிந்தது.

ஃபயர் ரிவி: திருத்த இலகு, தமிழுக்குக் கடினம்

இணைப்புக் கோளாறைச் சரிசெய்வதில் இதுவே தெளிவானது. முதலில் ஹோம் பொத்தானை 10 விநாடி அழுத்திப் பிடித்தால் மறுபடி இணையும். இணையாவிட்டால் முழு மீட்டமைப்பு: கருவியின் மின் வயரைக் கழற்றி 60 விநாடி விடுங்கள். ரிமோட்டில் இடது, மெனு, பேக் மூன்றையும் ஒன்றாக 12 விநாடி பிடியுங்கள். விட்டு 5 விநாடி கழித்துப் பற்றரிகளை எடுங்கள். கருவிக்கு மின்சாரம் கொடுத்து 60 விநாடி பொறுங்கள். பற்றரிகளைப் போட்டு ஹோம் பொத்தானை அழுத்துங்கள். வரிசையைக் குழப்பினால் பலன் கிடைக்காது.

ஒலி அமேசானுக்குப் போய்ச் சேருகிறதா என்று அறிய நல்ல வழி உண்டு. ஃபோனில் அமேசானின் குரல் உதவியாளரான அலெக்சாவின் அப்பைத் திறந்து, தனியுரிமைப் பகுதியில் குரல் வரலாற்றைப் பாருங்கள். உங்கள் பேச்சு அங்கே பதிவாகியிருந்தால் ரிமோட்டைக் குறை சொல்ல இடமில்லை. இந்த அளவுக்கு வெளிப்படையான சோதனை மற்றவற்றில் இவ்வளவு கைக்கெட்டிய தூரத்தில் இல்லை.

குறை மொழியில். அலெக்சாவின் மொழிப் பட்டியலில் தமிழ் கிடையாது. இலங்கைக்கென அமேசான் கடையும் இல்லாததால் ஸ்டிக் பெரும்பாலும் பிரித்தானிய, கனேடிய அல்லது இந்தியக் கணக்கில்தான் ஓடும். பிரித்தானிய ஆங்கிலத்தில் தமிழ்ப் படப் பெயரைச் சொன்னால் திரையில் வருவதைப் பார்த்துப் பாட்டிக்கு அலுத்துப்போகும். மொழியை இந்திய ஆங்கிலத்துக்கு மாற்றினால் தென்னாசியப் பெயர்கள் கூடுதலாகப் பிடிபடும். வேறு நாட்டுப் படங்களுக்காக விபிஎன் போட்டிருந்தால், குரல் மறுக்கும்போது முதலில் அதை நிறுத்திப் பாருங்கள்.

கூகுள் ரிவி: எங்கள் தெரிவு, ஆனால் அப் சொதப்பும்

குரோம்காஸ்ட், கூகுள் ரிவி ஸ்ட்ரீமர், ஷியோமி பெட்டி எல்லாம் இந்தக் குடும்பம். கூகுள் 2017ஆம் ஆண்டிலேயே இலங்கைத் தமிழை இந்தியத் தமிழில் இருந்து பிரித்துத் தனிப் பேச்சு மொழியாகச் சேர்த்தது. சிங்கப்பூர், மலேசியத் தமிழுக்கும் தனி இடம் உண்டு. இந்த ஒரு காரணத்துக்காகவே யாழ்ப்பாணத்து வீட்டுக்கு இதை முன்னே வைக்கிறோம். ஆனால் ரிவியில் உள்ள உதவியாளரின் மொழிப் பட்டியல் ஃபோனில் உள்ளதைவிடச் சிறியது. உங்கள் பெட்டியின் பட்டியலில் தமிழ் இல்லாவிட்டால் ரிமோட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். கடைசியில் சொல்லும் ஃபோன் வழிக்குப் போங்கள்.

குரோம்காஸ்ட் ரிமோட்டை மறுபடி இணைக்க, பேக், ஹோம் இரண்டையும் ஒன்றாகப் பிடித்து விளக்கு துடிக்கும்வரை விடாமல் இருங்கள். ஷியோமிக்குப் பொத்தான் சோடி வேறு. இணைப்புத் திரையில் வரும் படத்தைப் பாருங்கள்.

இங்கே அதிகம் கெடுவது மென்பொருள். பொத்தான் அழுத்தியதும் ஒரு கணம் தோன்றி மறைந்தால் 'கூகுள்' என்ற அப்பைச் சந்தேகியுங்கள். செற்றிங்ஸ், அப்ஸ் பட்டியலில் அதைத் திறந்து கேச்சை அழியுங்கள், பின் ஃபோர்ஸ் ஸ்ரொப். சரிவராவிட்டால் அதன் அப்டேற்றுகளை நீக்கிவிட்டு மறுபடி அப்டேற் செய்யுங்கள். அதே இடத்தில் மைக்ரோபோன் அனுமதி திறந்திருக்கிறதா பாருங்கள். பிள்ளைகள் ஏதாவது ஒரு அப்பில் 'மறு' என்று அழுத்தியிருந்தால் அந்த அப்பின் தேடலில் மட்டும் குரல் செத்துக் கிடக்கும், முகப்பில் வேலை செய்யும். பலரைக் குழப்புவது இதுதான்.

ஆப்பிள் ரிவி: உடையாத ரிமோட், திறக்காத சிரி

ரிமோட்டின் தரத்தில் இதற்குப் போட்டி இல்லை. பற்றரி மாற்றும் வேலையும் இல்லை, வயரில் சார்ஜ் செய்தால் போதும். 2022இல் வந்ததற்கு யூஎஸ்பி-சி, அதற்கு முந்தியதற்கு லைற்னிங் வயர். தடுமாறினால் ரிவி படமுள்ள பொத்தானையும் சத்தக் குறைப்புப் பொத்தானையும் 5 விநாடி சேர்த்துப் பிடித்தால் ரிமோட் மறுதொடக்கம் ஆகும். இணைப்பு அறுந்தது என்றும், சற்றுப் பொறுத்து இணைந்தது என்றும் திரை சொல்லும்.

ஆனால் சிரி எல்லா நாட்டிலும் ஆப்பிள் ரிவியில் திறந்துவிடப்படவில்லை. திறக்காத நாடுகளில் அதே பொத்தான் வெறும் தேடல் பக்கத்தைத் திறக்கும், அது பழுதல்ல. செற்றிங்ஸில் பொதுப் பகுதியில் உள்ள மொழியும் பிராந்தியமும், சிரியின் மொழியும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஆப்பிள் ரிவியில் சிரியின் மொழிப் பட்டியலிலும் தமிழ் இல்லை. வீட்டில் ஆங்கிலத்தில் கேட்பவர்களே பெரும்பான்மை என்றால் மட்டும் இது பொருந்தும்.

ரொறன்ரோவில் இருந்து வரும் ரோக்கு என்ற இன்னொரு கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் சாதாரண ரிமோட்டில் மைக்கே இல்லை. குரல் ரிமோட்டாக இருந்தால் பற்றரி அறைக்குள் அல்லது பின்பக்கம் உள்ள இணைப்புப் பொத்தானை 5 விநாடி அழுத்துங்கள். தமிழ் அதற்கும் தெரியாது.

மலிவுப் பெட்டி: வாங்குமுன் சோதியுங்கள்

இவற்றுள் பல ஃபோன், டேப்லெட்டுக்கான அண்ட்ரொய்டையே ஓட்டுகின்றன. ரிவிக்கான அண்ட்ரொய்ட் அல்ல. ரிமோட் அகச்சிவப்பு மட்டும் என்றால் குரலை மறந்துவிடலாம். கடையிலேயே சோதிக்கலாம்: ரிமோட்டின் முன்முனையை உள்ளங்கையால் மூடிப் பொத்தானை அழுத்துங்கள். பெட்டி அசையாவிட்டால் அது அகச்சிவப்பு ரிமோட்.

டொங்கிள் என்னும் சிறு யூஎஸ்பி செருகியோடு வரும் ஏர் மவுஸ் (கையை அசைத்துச் சுட்டியை நகர்த்தும்) ரிமோட்டில் குரல் அந்த டொங்கிள் வழியே வரும். டொங்கிளை நீலநிற யூஎஸ்பி 3 துளையில் செருகாதீர்கள். அதன் இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸைக் கெடுக்கும். கறுப்பு யூஎஸ்பி 2 துளையில், முடிந்தால் ஒரு நீட்டிப்பு வயரில் வையுங்கள்.

இந்தப் பெட்டிகளுக்கே உரிய ஒரு கோளாறு கரண்ட் போய்வந்த பிறகு வரும். உள்ளே கடிகாரப் பற்றரி இல்லாததால் திகதி பல வருடம் பின்னே போய்விடும். திகதி பிழையென்றால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது. கூகுளோடு பேச முடியாது. யூரியூப்பும் சேர்ந்து அடம்பிடிக்கும். திகதி, நேரத்தைத் தானாக எடுக்கும்படி வைத்து, நேர வலயத்தைக் கொழும்பு, ஐந்தரை மணி முன் என்று தெரிவுசெய்யுங்கள்.

புது ரிமோட்டா, ஃபோனா?

மாற்று ரிமோட் வாங்குமுன் தலைமுறையைப் பாருங்கள். மூன்றாம் தலைமுறை அலெக்சா ரிமோட், முதல் தலைமுறை ஃபயர் ஸ்டிக்கோடும் முதல் இரண்டு ஃபயர் ரிவிப் பெட்டிகளோடும் சேராது. சேரும் கருவியில் ஏழு ரிமோட் வரை இணைக்கலாம் என்பதால் பழையதை நீக்க அவசியமில்லை. நகல் ரிமோட்டுகளில் பொத்தான்கள் எல்லாம் வேலை செய்து குரல் மட்டும் வராமல் இருப்பது சாதாரணம். கடைக்காரரிடம் பேசிக் காட்டச் சொல்லுங்கள்.

தமிழில் தேடுவதே தேவை என்றால் நாங்கள் ஃபோனையே சொல்வோம். ரிவியில் யூரியூப்பைத் திறந்து, செற்றிங்ஸில் 'ரிவி கோட் மூலம் இணை' என்பதற்குப் போனால் எண் ஒன்று வரும். ஃபோனின் யூரியூப் அப்பில் செற்றிங்ஸில் 'ரிவியில் பார்' என்ற பகுதியில் அந்த எண்ணைக் கொடுங்கள். ஃபோனில் கூகுளின் ஜிபோர்ட் விசைப்பலகைக்கு இலங்கைத் தமிழைச் சேர்த்து, தேடல் பெட்டியைத் தொட்டு, விசைப்பலகையில் உள்ள மைக்கைத் தட்டித் தமிழில் சொல்லுங்கள். தெரிவுசெய்த காணொளி ரிவியில் ஓடும். ஒருமுறை இணைத்தால் அடுத்தமுறை எண் தேவையில்லை. ரிவியும் ஃபோனும் ஒரே வைஃபையில் இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும்.