14 வருஷம் வாசித்த எலக்ட்ரிக் கிடார்: தேயும் என்று நினைத்தது தேயவில்லை

2011 தை மாதம் கோயம்புத்தூரில் ஒரு கடையில் 17,000 ரூபாய் கொடுத்து வாங்கியது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) வடிவம், நடுவில் வெளிறி ஓரத்தில் கறுக்கும் சன்பர்ஸ்ட் நிறம், விரல் வைத்து அழுத்தும் பலகை (ஃபிங்கர்போர்டு) ஈட்டி மரம், அதில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள், அதாவது ஃப்ரெட், 21. கம்பெனி பெயர் வேண்டாம், இனி சொல்லப்போவதில் முக்கால்வாசி அந்த விலைக்கு வரும் எந்தக் கிடாருக்கும் பொருந்தும். அன்றிலிருந்து கோத்தகிரியில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயர், சீசன் நேரத்தில் ஊட்டி, குன்னூர் பக்கம் ஆர்கெஸ்ட்ரா, மற்ற நாட்களில் டீ ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து வந்து ஒரு மணி நேரம். சராசரியாக வாரத்துக்கு எட்டு மணி நேரமாவது கையில் இருந்திருக்கும். இந்தக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'பத்து வருஷமா வெச்சிருக்கேன், ஒண்ணுமே ஆகலை' என்பவர்களின் கிடார் பெரும்பாலும் பீரோ மேலேதான் இருக்கும்.

வாங்கும்போதே மனசுக்குள் ஒரு ஆசை இருந்தது. ஐரிஷ் கிடாரிஸ்ட் ரோரி கல்லாகரின் கிடார் படம் பார்த்திருக்கிறீர்களா? 1961-ல் செய்த ஸ்ட்ராட், 1963-ல் அவர் கைக்கு வந்தது. வாசித்து வாசித்து சன்பர்ஸ்ட் பெயிண்ட் பெரும்பாலும் போய், வெறும் மரம் தெரியும். எனக்கும் அதே சன்பர்ஸ்ட், நானும் விடாமல் வாசிக்கிறேன், ஒரு பத்து வருஷத்தில் முழங்கை படும் இடத்திலாவது மரம் எட்டிப் பார்க்கும் என்று நினைத்தேன். 14 வருஷம் ஆகிறது. துணியால் ஒரு துடை துடைத்தால் இன்றைக்கும் கடையில் தொங்கிய மாதிரியே மின்னுகிறது. கொஞ்சம் அவமானமாகக்கூட இருக்கிறது.

காரணம் சுலபம். அந்தக் காலத்துக் கிடார்களில் அடித்தது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். மெல்லிய பூச்சு, வியர்வை, உராய்வு, குளிர் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். இப்போது நம் பட்ஜெட்டில் வரும் கிடார்களுக்கு பாலியூரித்தேன் அல்லது பாலியஸ்டர். அது தேயாது, அடிபட்டால் பெயர்ந்து விழும், அவ்வளவுதான். ஒரு கச்சேரியில் மைக் ஸ்டாண்ட் சரிந்து பாடியின் ஓரத்தில் இடித்ததில் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு தெறித்தது, கையில் எடுத்துப் பார்த்தால் கண்ணாடித் துண்டு மாதிரி இருந்தது. 14 வருஷத்தில் பெயிண்டுக்கு வந்த பெரிய சேதம் அது ஒன்றுதான். அதுவும் வாசித்ததால் வந்தது இல்லை.

இன்னொரு காரணம் எனக்கு ரொம்ப லேட்டாகத்தான் உறைத்தது. நம் ஊரில் வருஷத்தில் பாதி நாள் ஸ்வெட்டரோடுதான் வாசிக்கிறோம். ரோரி மேடை விளக்குச் சூட்டில் வியர்த்துக் கொட்டி வாசித்தவர். நான் கம்பளிக் கையை கிடார் மேல் வைத்து தினம் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறேன்! முதுகுப் பக்கம் மட்டும் ஜெர்கின் ஜிப் உரசி சின்னச் சின்னக் கீறல்கள் விழுந்திருக்கின்றன. மற்றவர்களுக்கு பெல்ட் பக்கிள் தடம், மலைக்காரனுக்கு ஜிப் தடம்.

பழசு மாதிரி தெரிய வேண்டும் என்றால் காசு கொடுத்தும் வாங்கலாம். ஸ்ட்ராட் செய்கிற ஃபெண்டர் கம்பெனியின் கஸ்டம் ஷாப் 1995-லேயே 'ரெலிக்' என்று தேய்த்து, கீறி, துருவேற்றி விற்க ஆரம்பித்துவிட்டது. அதைத் திட்டுகிறவர்கள் நிறைய. எனக்குக் கோபம் எதுவும் இல்லை, கிழிந்த ஜீன்ஸ் வாங்குகிற ஊர்தானே. ஆனால் பாலி பூச்சு உள்ள கிடாரை வீட்டில் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அது தேய்ந்த மாதிரி தெரியாது, உப்புத்தாள் போட்ட மாதிரிதான் தெரியும்.

சரி, பெயிண்ட் போகவில்லை என்றால் என்னதான் போனது? யாரும் போட்டோ எடுக்காத சாமான் எல்லாம் போனது.

முதல் அடி ஃப்ரெட்டுக்கு. ஃப்ரெட் கம்பியை 'நிக்கல் சில்வர்' என்பார்கள், அதில் வெள்ளி பொட்டுக்கூட இல்லை, செம்பு, துத்தநாகம், நிக்கல் கலவை. கிடார் ஸ்ட்ரிங்கோ ஸ்டீல். ஸ்டீலை வைத்து அதைவிட மிருதுவான உலோகத்தில் நாள் முழுக்க அழுத்தினால் எது தேயும் என்று சொல்லத் தேவையில்லை. ஐந்தாவது வருஷம் ஆர்கெஸ்ட்ராவில் டி கார்டு (சில ஸ்ட்ரிங்கை ஒன்றாக அழுத்தி சேர்த்து வாசிக்கும் சுரக்கூட்டு) பிடிக்கும்போதெல்லாம் ஒரு 'ஸ்ஸ்ர்ர்' சத்தம். ஆம்ப் பிரச்சினை என்று நினைத்து கேபிள் மாற்றினேன், ஸ்ட்ரிங் மாற்றினேன், கீபோர்டு வாசிக்கும் அண்ணனிடம் திட்டும் வாங்கினேன். கடைசியில் ஸ்ட்ரிங்கை லூஸ் பண்ணி, டார்ச்சை சாய்த்து அடித்துப் பார்த்தால், மூன்றாவது ஃப்ரெட்டில் பி ஸ்ட்ரிங்குக்கு நேர் கீழே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஸ்ட்ரிங் இறங்கி உட்கார்ந்ததும் அடுத்த ஃப்ரெட்டில் முட்டிச் சத்தம் போட்டிருக்கிறது.

ஏன் குறிப்பாக அந்த இடம்? சர்ச்சில் பாதிப் பாட்டு ஜி கார்டு, பாதி டி. டி கார்டில் மோதிர விரல் அங்கேதான். நான் பிடிக்கும் ஜி-யிலும் அங்கேதான், சி பிடித்தாலும் அந்த விரலை எடுக்காமல் அப்படியே விட்டுவிடும் பழக்கம் வேறு. ஆக 14 வருஷமாக ஒரே விரல் ஒரே புள்ளியில். இதைப் பார்த்த பிறகுதான் இன்னொன்றும் தெரிந்தது, நான் தேவைக்கு மேல் அழுத்துகிறேன். ஸ்ட்ரிங் ஃப்ரெட்டைத் தொட்டால் போதும், மரத்தைத் தொட வேண்டியதில்லை. சொல்லிக்கொடுத்த மாஸ்டர் அப்போதே சொன்னார், காதில் ஏறவில்லை. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் பார்த்தால் எல்லாம் புதுசு மாதிரி வழவழ என்று இருக்கும். நான் லீட் (மேல் ஃப்ரெட்டுகளில் தனியாக வாசிக்கும் மெட்டு) வாசிக்கிற லட்சணம் ஃப்ரெட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

2016-ல் கோயம்புத்தூரில் ரிப்பேர் பண்ணும் ஒரு தம்பியிடம் கொண்டுபோனேன். எல்லா ஃப்ரெட்டையும் பள்ளத்தின் மட்டத்துக்கு அராவி, தலையை மறுபடி வளைவாக்கி, பாலிஷ் போட்டுக் கொடுத்தான். லெவல் பண்ணுவது என்பார்கள். ஃப்ரெட் உயரமே ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான், ஒவ்வொரு தடவையும் அதில் கொஞ்சம் போகும், அதனால் இதை ஆயுசுக்கும் செய்துகொண்டிருக்க முடியாது. பெயிண்ட் ஆசையை அவனிடம் சொன்னேன். "இந்த பெயிண்டுங்களாண்ணா? நாம போனாலும் இது இருக்குமுங்க. நீங்க ஃப்ரெட்டைப் பாருங்க" என்றான்.

அடுத்தது நட், அதாவது தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் வெள்ளைப் பட்டை. பிளாஸ்டிக்தான். ட்யூன் பண்ணும்போது 'டிங்' என்று ஒரு சத்தத்தோடு சுருதி தாவுகிறதென்றால் ஸ்ட்ரிங் அந்தக் காடியில் சிக்குகிறது என்று அர்த்தம். சிக்கினால் பென்சில் முனையை உரசிவிட்டால் போதும், கிராஃபைட் வழுக்கும். தேய்ந்து ஆழமாகிவிட்டால்தான் கஷ்டம், விரல் வைக்காத ஓப்பன் ஸ்ட்ரிங் முதல் ஃப்ரெட்டில் இடித்து அதிரும். எனக்கு ஜி ஸ்ட்ரிங்கில் அப்படி ஆனது. சமையல் சோடாவைக் காடியில் துளி வைத்து அதன்மேல் ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டால் கல் மாதிரி இறுகும், அப்புறம் மெல்லிய அரத்தால் காடி போட்டுக்கொள்ளலாம். இரண்டு வருஷம் ஓடியது. பிறகு எலும்பில் செய்த நட் போட்டுக்கொண்டேன், இந்தக் கிடாருக்கு நான் செய்த செலவிலேயே உருப்படியானது அதுதான்.

மீதி எல்லாம் ஈரத்தின் வேலை. ஊட்டிக்காரர்களுக்கு ஆனி ஆடியில் சாரல் என்றால், கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகைதான் கணக்கு, வடகிழக்குப் பருவமழை வந்தால் துணி நாலு நாளானாலும் காயாது. டீ ஃபேக்டரியில் எங்களுக்கு ஈரம்தான் பிழைப்பே, கொழுந்தை வாட வைப்பதிலிருந்து தூளில் 3 சதவீதம் ஈரம் வரும்வரை காய வைப்பது வரைக்கும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். இருந்தும் வீட்டில் ஒரு ஈரமானி வைக்க வேண்டும் என்று தோன்ற எனக்கு ஆறு வருஷம் ஆனது. வைத்த பிறகு தெரிந்தது, காற்றின் ஈரம் ஐப்பசியில் 90 சதவீதத்தைத் தொடுகிறது, மாசியில் 40-க்குக் கிட்டே இறங்குகிறது. கிடாருக்கு 45-லிருந்து 55 வரை இருந்தால் சௌகரியம்.

மழைக்காலத்தில் பிரிட்ஜில் (பாடிப் பக்கம் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் உலோகப் பகுதி) ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் உட்காரும் சேடிலின் திருகுகள் துருப்பிடித்து அப்படியே இறுகிவிட்டன. குட்டி ஆலன் கீ போட்டுத் திருகினால் தலை மழுங்கிப்போனது, இரண்டை மாற்றவே வேண்டியதாயிற்று. இப்போது வருஷத்துக்கு ஒருமுறை காது குடையும் பஞ்சில் தையல் மெஷின் எண்ணெய் தொட்டு வைக்கிறேன், அதற்கப்புறம் தொல்லை இல்லை. வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகர சத்தம் வருவதும் மழையில்தான் அதிகம், கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை முன்னும் பின்னும் திருப்பினால் போய்விடும். கேபிள் சொருகும் ஜாக்கின் மரை தளர்ந்தால் உடனே முடுக்குங்கள். நான் அலட்சியமாக விட்டு, உள்ளே ஒயர் முறுக்கி அறுந்து, ஒரு கல்யாண ரிசப்ஷனில் பாதிப் பாட்டில் ஊமையாக நின்றேன்.

மாசி பங்குனியில் கதை தலைகீழ். மரம் காய்ந்து சுருங்கும், ஃப்ரெட் சுருங்காது, அதனால் நெக் (கிடாரின் கழுத்துக் கட்டை) ஓரத்தில் ஃப்ரெட் முனைகள் கையைக் கீறும். முதல் வருஷம் பயந்துபோனேன், மழை வந்ததும் தானாகவே உள்ளே போய்விட்டது. அராவியிருந்தால் அது வீண் வேலை.

சமவெளிக்கு இறங்கும்போதும் ஒன்று கவனியுங்கள். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், 33 கிலோமீட்டர் கீழே மேட்டுப்பாளையம் அடுப்பு மாதிரி கொதிக்கும். இறங்கினால் ஸ்ட்ரிங் சூடாகித் தளர்ந்து சுருதி குறையும், மேலே ஏறினால் கூடும். அது பரவாயில்லை, ட்யூன் பண்ணிக்கொள்ளலாம். ஆனால் நண்பர் ஒருவரிடம் நைட்ரோ லாக்கர் அடித்த நல்ல கிடார் ஒன்று இருந்தது. மார்கழி ராத்திரி முழுக்க காரிலேயே விட்டுவிட்டு, விடியற்காலை உறைபனியில் விறைத்த பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து, கரி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்திருக்கிறார். கண்ணெதிரே பூச்சில் தலைமுடி தலைமுடியாக வெடிப்பு ஓடியது. லாக்கரும் மரமும் ஒரே வேகத்தில் விரிவதில்லை. பெட்டியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் சும்மா வைத்திருந்தால் போதும். எனக்கு, வெளியே சொல்லவில்லை, அந்த வெடிப்பு ரொம்பப் பிடித்திருந்தது.

என் கிடாரில் நிஜமாகவே கைபட்டு மாறிய இடம் ஒன்றே ஒன்று. நெக்கின் பின்பக்கம். வாங்கும்போது மங்கலான சாட்டின் பூச்சு, தொட்டால் லேசாகச் சொரசொரப்பு. இப்போது முதல் ஃப்ரெட்டிலிருந்து ஏழாவது வரை, கட்டைவிரல் ஓடுகிற பாதை மட்டும், எண்ணெய் தேய்த்த அம்மி மாதிரி வழவழக்கிறது. அதற்கு மேலே பழைய மங்கல் அப்படியே இருக்கிறது. இருட்டில் எடுத்தால்கூட கை நேராக அங்கே போய் நிற்கும். கடையில் இதே மாடலைப் புதிதாக எடுத்து வாசித்துப் பார்த்தேன், வேறு யாருடைய செருப்பையோ போட்ட மாதிரி இருந்தது.

2023-ல் இரண்டாவது தடவை லெவல் பண்ணியாகிவிட்டது. இனி அராவ இடமில்லை, அடுத்தது ஃப்ரெட்டையே பிடுங்கிப் புதுசு போடுவதுதான். நிக்கல் சில்வர் போட்டால் கூலியோடு கிட்டத்தட்ட கிடார் விலையில் பாதி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் அதிகம், அரத்தையே தின்றுவிடும் என்று தம்பி அலுத்துக்கொண்டான். ஆனால் பல மடங்கு உழைக்கும், துருவும் பிடிக்காது. இந்தக் காசுக்கு இன்னொரு கிடாரே வாங்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள், கணக்குப்படி அதுதான் சரி. நான் ஸ்டெயின்லெஸ் சொல்லிவிட்டேன்.

மழை நின்று தை பிறந்ததும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறான். நெக் பின்பக்கம் அழுக்காகத் தெரிகிறது, ஓசியிலேயே தேய்த்து சாட்டின் அடித்துத் தருகிறேன் என்றான். அங்கே மட்டும் கை வைக்காதே தம்பி என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தேன்.