மாங்கூழ் கம்பெனி வேலைக்கு நடுவே ஆன்லைன் கோர்ஸ்

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை எனக்கு. மே பிறந்தால் பெங்களூரா மாங்காய் லோடு லோடாக வந்து இறங்கும். ஜூலை வரைக்கும் வீட்டுக்குப் போவதே தூங்கத்தான். அதனால் ஆன்லைன் கோர்ஸ் பற்றி யார் கேட்டாலும், முதலில் சீசனைப் பார்த்துச் சேருங்கள் என்பேன். ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல்லில் ஜனவரியிலும் ஜூலையிலும் பாடங்கள் தொடங்குகின்றன. எனக்கு ஜனவரிதான் தோது. 8 வாரப் பாடம் எடுத்தால், மாங்காய் வருவதற்குள் தேர்வே முடிந்துவிடும்.

பாடம் கேட்பதற்குக் காசு கிடையாது. சான்றிதழ் வேண்டும் என்றால் தேர்வுக்கட்டணம். நான் கட்டியது 1,000 ரூபாய். அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். இது தொல்லை என்பார்கள். தேதி குறித்துவிட்டதால்தான் நான் உட்கார்ந்து படித்தேன்.

கரக்பூர் ஐஐடி பேராசிரியர்களின் உணவுப் பொறியியல் வகுப்புகள் கொஞ்சம் மெதுவாகப் போகும், 1.5 வேகத்தில் வைத்துக் கேட்கலாம். ஆனால் விஷயம் கனமானது. மாதக்கணக்கில் கெடாத பெட்டிப் பாலை 135 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது எங்கள் கூழுக்கு மட்டும் ஏன் 100-க்குக் கீழே போதும்? அமிலத்தன்மைதான் காரணம். புளிப்பை அளக்கும் எண்தான் பிஹெச், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். அது 4.6-க்குக் கீழே இருந்தால், ஆளைக் கொல்லக்கூடிய பாட்டுலிச நச்சை உண்டாக்கும் கிருமி வளராது. மாங்கூழ் அதற்குக் கீழேதான் நிற்கும். தினமும் பிஹெச் மீட்டரைக் கூழில் முக்கி எண்ணை எழுதிக்கொண்டிருந்தவனுக்கு, எழுதுவது எதற்கென்று அப்போதுதான் பிடிபட்டது.

வெளிநாட்டுத் தளங்களில் எனக்குப் பிடித்தது, எட்எக்ஸில் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் நடத்திய உணவுப் பாதுகாப்புப் பாடம். நம் நாட்டு மாங்கூழ் போகும் ஊர்தானே அதுவும்! பூச்சிமருந்து எச்சம் பற்றி வாங்குபவர்கள் ஏன் அவ்வளவு குடைகிறார்கள் என்று அவர்கள் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது.

ஆனால் இந்தத் தளங்களில் இலவசம் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஹார்வர்டும் எம்ஐடியும் 2012-இல் லாபநோக்கம் இல்லாமல் தொடங்கிய எட்எக்ஸ், 2021-இல் 80 கோடி டாலருக்கு 2யூ என்ற கம்பெனிக்குக் கைமாறியது. இப்போதெல்லாம் பல பாடங்களில் வீடியோ திறக்கும், மதிப்பெண் உள்ள கேள்விகளுக்குப் பணம் கட்ட வேண்டும். டாலர் விலையைப் பார்த்தாலே மூடிவிடத் தோன்றும். எம்ஐடியின் இலவசப் பாடத் தளமான ஓப்பன்கோர்ஸ்வேரில் அந்தத் தொல்லை இல்லை, சான்றிதழும் இல்லை. குறிப்புகளை பிடிஎஃப்பாக இறக்கி, நைட் ஷிப்டில் டாங்க் நிரம்பும்வரை படிக்கலாம்.